குருதியும் இரத்தமும்: மருத்துவச் சொற்கள் சிலவற்றின் பொருள்

சொல்லென ஒன்று உண்டாயின் அது ஒரு பொருளை உணர்த்துதல் வேண்டும் என்பது இலக்கணம் பயின்றார் யாவர்க்கும் உடன்பாடு. ஆயினும் அப்பொருளை அச்சொல்லுக்கு வழங்குபவர் யார் என்ற வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. அதனை ஆக்கிய அறிஞரா, அதனை அச்சிட்டு வெளியிட்ட திணைக்களமா, அன்றி அதனை வாயாற் சொல்லித் தம் காரியத்தை முடித்துக்கொள்ளும் மக்களா? செய்யுட் சொல்லைப் பொறுத்தமட்டில் இவ்வினாவை ஆறுதலாக இருந்து ஆராயலாம். விடை பிழைத்தாலும் எவருக்கும் தீங்கு நேராது. மருத்துவச் சொல்லைப் பொறுத்தமட்டில் அங்ஙனம் இருத்தல் இயலாது. குருதியைப் பற்றி நம் பாடநூல்களும் பத்திரிகைகளும் பொதுமக்களும் வழங்குஞ் சொற்களுட் சிலவற்றை எடுத்து, அவை தத்தம் கடமையை எத்துணைச் செம்மையாகச் செய்கின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். யான் மருத்துவன் அல்லேன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்று, கல்முனைப் பகுதியிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். ஆதலின் சொல்லின் பக்கத்தில் நின்றே பேசுகின்றேன்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. 2017 ஆம் ஆண்டிலே டெங்குக் காய்ச்சல் இலங்கை முழுவதையும் வருத்தியது. அவ்வாண்டிற் பதிவான நோயாளர் தொகை 1,86,000 க்கும் மேற்பட்டது. எங்கள் பகுதியும் தப்பவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாட்கள் பாடசாலைக்கு வராதிருந்து நான்காம் நாள் வந்தான். காரணம் வினவினேன். "வாப்பாக்குப் பிளேட்லெட் கொறஞ்சி போச்சாம் சேர். வார்டில வெச்சிருக்காங்க" என்றான். பிளேட்லெட் என்பது யாது என்று கேட்டேன். ரெத்தத்திலுள்ள ஏதோ ஒரு சத்து என்றும், பப்பாசி இலையின் சாறு கொடுத்தால் அது ஏறும் என்று அயலவர் சொன்னதாகவும் கூறினான். அவனுடைய விஞ்ஞானக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். குருதிச் சிறுதட்டுக்கள் என்னுந் தலைப்பின் கீழே, காயம் ஏற்பட்ட இடத்திற் குருதி உறைதற்கு அவை துணைசெய்யும் என்ற செய்தி அழகிய எழுத்தில் இருந்தது. ஆசிரியரின் சரி அடையாளமும் இருந்தது. இரண்டும் ஒன்றேயெனச் சொன்னபோது பையன் சற்று நேரம் பேசாது நின்றான். பின்பு, "அப்ப வாப்பாட ரெத்தம் உறையாதா சேர்?" என்றான்.

அவன் கேட்ட வினா சரியான வினா. முரசிலே இரத்தம் கசிகின்றதா, மலம் கறுத்துப் போகின்றதா, தோலிலே செம்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று வீட்டாரும் பார்த்திருத்தல் வேண்டும்; அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுத்தலாகாது. இவ்வெச்சரிக்கைகள் யாவும் "உறைதற்குத் துணைசெய்யும்" என்ற அவ்வொரு வரியிலிருந்தே பிறக்கின்றன. அவ்வரி பையனிடம் இருந்தது. அதனைத் திறக்குந் திறவுகோலாகிய சொல் வேறொரு வீட்டில் இருந்தது.

இனிச் சொற்களுக்கு வருவோம். இச்செந்நிற நீருக்குத் தமிழிலே பெயர்ப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. குருதி, உதிரம், சோரி, நெய்த்தோர், எருவை, கறை, புண்ணீர், செந்நீர், இரத்தம் என்று நிகண்டுகளும் அகராதிகளும் தருவன பல. இவற்றுள் நெய்த்தோர் தெலுங்கின் நெத்துருவுக்கும் கன்னடத்தின் நெத்தருவுக்கும் உறவுடையது. அம்மொழிகளில் இன்றும் வாழ்கின்றது, தமிழிலே இறந்துபட்டது. குருதி சங்கச் செய்யுட்களிற் பயின்றது. குறுந்தொகையின் முதற் பாட்டிலே காந்தட் பூவின் நிறத்தைச் சுட்ட அது வருகின்றது. குரு என்னும் உரிச்சொல் நிறத்தைக் குறிக்குமெனத் தொல்காப்பியர் சொல்வதை நோக்கின், குருதியும் நிறத்தாற் பெற்ற பெயரெனக் கொள்ளுதல் பொருந்தும். இரத்தம் என்பதன் மூலமாகிய வடசொல்லுக்குஞ் சிவந்தது என்பதே பொருள். எனவே விஞ்ஞானத்துக்கு எது நெருங்கியது என்று இவ்விரண்டிற்கும் இடையே வழக்காடுவார்க்கு மூலப்பொருளில் யாதொரு துணையுங் கிடையாது. இரண்டும் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டவையே.

இலங்கைப் பாடநூல் குருதியைத் தேர்ந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் பெரும்பாலும் இரத்தத்தையே வழங்குகின்றது. குருதி என்பது பிற சொற்களோடு புணர்தற்கு இசைவானது. குருதிச்சோகை, குருதியமுக்கம், குருதிக்கலன் என்று இடரின்றிப் புணர்கின்றது. ஆயின் எங்கள் கரையோரத்திலே, பாண்டிருப்பு முதல் அக்கரைப்பற்று வரை, சைவரென்றும் முஸ்லிம்களென்றும் வேறுபாடின்றி, காயம்பட்ட எவரும் குருதி வருகின்றதென்று கூவுதலை யான் கேட்டதில்லை. ரெத்தம் வருகின்றது என்பர். இரத்த உறவு என்பர். இரத்ததான முகாம் என்று பதாகை கட்டுவர். குருதி அவர்களுக்குப் பரீட்சைத் தாளிலும் பரணியிலும் மட்டும் ஓடும் ஒன்று. இஃது எமக்கு மட்டும் உரிய குறையன்று. சிங்களப் பாடநூல் ருதிர என்று எழுத, சிங்கள மக்கள் லே என்று சொல்கின்றனர். அந்த ருதிரமே நமது உதிரம் என்பது கருதத்தக்கது.

உதிரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழ்ப் பேச்சில் அச்சொல் மெல்ல ஒதுங்கிப் பெண்களின் உடல்நிலை பற்றிய சொல்லாய் நின்றுவிட்டது. உதிரப்போக்கு என்றால் எவரும் வேறு பொருள் கொள்ளார். எங்கள் ஊர்களில் இத்துறையிலே இன்னும் நுண்ணிய சொற்கள் உள. மாதந்தோறும் வருவதை ஹைழ் என்றும், மகப்பேற்றின் பின் வருவதை நிபாஸ் என்றும், இவ்விரண்டிலும் அடங்காது காலந்தவறி வருவதை இஸ்திஹாழா என்றும் மார்க்கச் சட்ட நூல் வகுத்துக் கூறுகின்றது. பாடசாலைக்கே போகாத முதியவள் ஒருத்தியும் இம்மூன்றையும் பிரித்தறிவாள். தொழுகையும் நோன்பும் அதனைச் சார்ந்திருத்தலின் அவள் அறிந்தே ஆகவேண்டும். மருத்துவர் கவனிக்கவேண்டியதென்று சொல்வது பெரும்பாலும் அம்மூன்றாவதனையே. ஆயினும் தாய்மார்க்கு அறிவுரை கூறுந் துண்டுப் பிரசுரங்கள் எதிலும் இச்சொல்லை யான் கண்டிலேன். "அசாதாரண குருதிப்போக்கு" என்ற தொடரே காணப்படுகின்றது. எது சாதாரணம், எது அசாதாரணம் என்பதை அத்தொடர் சொல்வதில்லை; அம்முதியவளின் சொல் சொல்கின்றது.

கலைச்சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூலை வெளியிட்டார். இரண வைத்தியம், மனுஷ சுகரணம், கெமிஸ்தம் முதலிய பிற நூல்களும் அவர் முயற்சியால் வந்தவை. அந்நூற்பெயர்களையே இன்றைய மாணவர் விளங்கிக்கொள்ளார். ஆயினும் அவர் சொல்லைத் தேடிய இடம் வைத்தியம் படிக்கும் மாணவனும் நோயாளியும் பேசிக்கொள்ளும் இடம் என்பது மறக்கற்பாலதன்று. அவரிடம் பயின்றவர் அச்சொற்களைக் கொண்டே பிழைப்பு நடத்தினர். பின்னர் எங்கள் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர், 1936 இற் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாகக் கலைச்சொற்கள் என்னுந் தொகுதி 1938 இல் வெளிவந்தது. இலங்கையில் 1950 களிலும் 1960 களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நம் பிள்ளைகள் படிப்பது பெரிதும் அச்சொற்களையே. அவை பாடசாலைக்கென ஆக்கப்பட்டவை. பல்கலைக்கழக மருத்துவ பீடங்களோ ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன. ஆகவே உயர்தரப் பரீட்சை முடிந்த மறுநாளே அச்சொற்களுக்கு வேலையில்லாது போகின்றது. மருத்துவனாகப் போகின்ற பிள்ளை அவற்றை மறந்துவிடுகின்றான்; போகாத பிள்ளைக்கு அவற்றைக் கேட்கும் வாய்ப்பே இல்லை.

இச்சொற்றொகுதியாரைக் குறைகூறுவது எளிது. யான் அவர்களை முதலிற் பாராட்டவே விரும்புகின்றேன். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லுங் குழாய்க்கு அவர்கள் நாடி என்று பெயரிட்டனர். இதயத்துக்குத் திரும்பக் கொணர்வதை நாளம் என்றனர். தமிழ்நாட்டார் இவற்றைத் தமனி, சிரை என்பர். எங்கள் பரிகாரியும் ஹக்கீமும் மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைத்துப் பார்த்தது எதனை? துடிக்குங் குழாயை. துடிப்பது இதயத்தின் அடியை நேரே வாங்குங் குழாயாகிய நாடி மட்டுமே. திரும்பி வரும் நாளம் அங்ஙனந் துடிப்பதில்லை. ஆகவே நாடி என்ற பழஞ்சொல்லை எடுத்து அக்குழாய்க்கே சூட்டியபோது, நூற்றாண்டுகளாக விரல் அறிந்திருந்த ஒன்றுக்கு விஞ்ஞானம் தன் முத்திரையை இட்டது. ஐரோப்பியர் அதற்கு வழங்கும் பெயரோ, பண்டைக் கிரேக்கர் அக்குழாயிலே காற்று ஓடுகின்றதென்று கருதிய காலத்தைச் சேர்ந்தது. மூச்சுக் குழாய்க்கும் அவர்கள் அப்பெயரையே வழங்கினர். பிழையான கொள்கையிற் பிறந்த சொல்லை அவர்கள் இன்றும் கூசாது வழங்குகின்றனர். நம் சொல் பிறப்பிலேயே சரியானது. நாடி என்றால் மோவாய் என்றும் பொருளுண்டே என்று வகுப்பிலே சிரிக்கும் பையன்கள் ஆண்டுதோறும் இருவராவது இருப்பர், அவர்களை மன்னித்துவிடலாம்.

நாளத்தின் கதை வேறு. தமிழ்நாட்டிலே நாளம் என்பது பொதுவாகக் குழாய் அல்லது கான். அதனாலேதான் அவர்கள் நாளமில்லாச் சுரப்பிகள் என்று எழுதுகின்றனர். நாம் கானில் சுரப்பிகள் என்போம். அங்கு அச்சான வார இதழ் ஒன்றைப் படிக்கும் எங்கள் மாணவன், நாளங்களே செல்லாத சுரப்பி ஒன்று உடலில் உண்டென்று எண்ணுகின்றான். குருதியே பாயாத உறுப்பு எங்ஙனம் உயிர்வாழும்? மேலும் அவர்கள் இரத்த நாளம் என்று குருதிக் குழாய் அனைத்தையுஞ் சேர்த்துச் சொல்வர். இதயத்தின் இரத்த நாளத்தில் அடைப்பு என்று அவர்கள் எழுதினால், அடைபட்டது எங்கள் பாடநூற் கணக்கில் நாடி. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே தமிழெனப் பெருமை பேசுகின்றோம். நெஞ்சுக்குள் ஓடுங் குழாயின் பெயரில் ஒன்றுபட முடியவில்லை.

பொதுமக்கள் வழக்கிலே நாடியுமில்லை, நாளமுமில்லை, யாவும் நரம்பு. நரம்புக்கு ஊசி போட்டார்கள் என்பர். காலிலே புடைத்துச் சுருண்ட நாளத்தை நரம்பு சுருண்டுவிட்டது என்பர். விஞ்ஞானத்திலே நரம்பு என்பது உணர்ச்சியையும் ஏவலையுங் கடத்தும் வேறொன்று. மூலப்பொருளில் அது நாண் போன்றது. அடிகளார் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலிலே நரம்பு இசைபாடுகின்றது. திருக்குர்ஆனிலே, இறைவன் மனிதனுக்கு எத்துணை அணுக்கமானவன் என்பதைக் கூறுமிடத்தில் வரும் வரீத் என்னும் அரபுச் சொல்லை நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பலர் பிடரி நரம்பு என்றனர். அரபு மருத்துவத்தில் வரீத் என்பது நாளம். மொழிபெயர்ப்பாளர் பிழைசெய்தனர் என்பது என் கருத்தன்று. கேட்போர் நெஞ்சிற் பதியவேண்டிய இடத்தில் அவர்கள் கேட்போரின் சொல்லையே எடுத்தனர். அங்கு அதுவே முறை. ஆயின் "நரம்பிலே வருத்தம்" என்று ஒரு முதியவர் வைத்தியரிடம் சொல்லும்போது அவர் குறித்தது மூன்றில் எது என்பதை வைத்தியர் கேட்டறிதல் வேண்டும். கேளாது மருந்தெழுதினால் நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலுமாகும்.

இலக்கணம் கற்பிப்போனாகிய என்னை மிகவும் வருத்துவது வேறொரு சோடி. குருதி ஓடுங் குழாயை நம் பாடநூல் குருதிக்கலன் என்கின்றது. குருதியில் மிதக்கும் உயிர்க்கூறுகளைக் குருதிக்கலம் என்கின்றது. நலம் நலன் என்றும், நிலம் நிலன் என்றும் வருதல்போலக் கலமுங் கலனும் ஒரே சொல்லின் இருவடிவங்கள். இறுதிப்போலி என்று அதனைக் காலையிற் கற்பிக்கின்றோம். அதே பிள்ளைகளுக்கு அன்று மாலை, மகரமாயின் மிதப்பது, னகரமாயின் மிதக்கவிடுவது என்று கற்பிக்கின்றோம். எழுத்திலே ஒருவாறு பிழைத்துக்கொள்ளலாம். வாயாற் சொல்லும்போது எங்கள் கரையோரத்தார் நாவில் இவ்விரண்டின் ஈறும் தேய்ந்து ஒன்றாகிவிடும். இச்சோடியை ஆக்கியவர் சொல்லை எழுதிப் பார்த்தனர். சொல்லிப் பார்த்திலர் போலும். இவ்விடர்ப்பாட்டுக்கு மாற்று அவர்களிடமே உண்டு. செங்குழியம், வெண்குழியம் என்னுஞ் சொற்களும் நம் நூல்களில் உள்ளன. குழியம் என்பது குழியவுரு என்பதிலும் வருவதாதலின், செங்குழியம் என்பது ஆங்கில மருத்துவர் வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கு உறுப்புக்கு உறுப்பு நிகரானது. அன்றியும் அக்குழியம் இருபுறமுங் குழிந்த தட்டுப் போன்றதாகலின் பெயர் தற்செயலாகவே வடிவத்தையுங் காட்டிவிடுகின்றது. தமிழ்நாட்டாரின் சிவப்பணு செவிக்கு இனியது. ஆயின் அணு என்பது இரசாயனத்துக்கு உரிய சொல். சிவப்பணுவிலே எத்தனை புரோத்தன் என்று ஒரு பிள்ளை கேட்டால் யாது செய்வது? சிங்களத்தாரும் ருதிராணு என்று இவ்வழியே சென்றனர் என்பதையுஞ் சொல்லிவைக்கின்றேன்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் எங்கே நன்மை, எங்கே தீமை என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுக்கள் போதும். இதயத்தசைக்கே குருதி கொடுக்கும் நாடிகள் இதயத்தின் மேலே முடிபோற் சூழ்ந்திருத்தலின் ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி முடியுரு நாடி என்றனர். மிக நுண்ணிய குழாயை மயிர்த்துளைக் குழாய் என்றனர். முடிக்கும் மயிருக்கும் வேறுபாடு காணாத தலைமுறை ஒன்று வந்துவிட்டது. ஆகவே இரண்டும் ஒன்றேயென எழுதிய விடைத்தாளை ஆசிரியர் அறையில் யாவரும் கைமாற்றிப் படித்தோம். பிள்ளையின் தருக்கத்திற் குற்றமில்லை. மறுபக்கத்திலே, குருதிக் குறைவுநோய்க்கு ஐரோப்பியர் இட்ட பெயருக்கு இரத்தமின்மை என்பதே பொருள். அதனை அப்படியே பெயர்த்திருந்தால் பெரும்பிழையாகும். என்னை? அந்நோயாளியின் உடலிற் குருதி வற்றிவிடுவதில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினே குறைகின்றது. சோகை என்னும் பழஞ்சொல் வெளிறலைச் சுட்டுவது. காண்பதைச் சொல்லிக் காரணத்தைச் சொல்லாது விட்டது. குருதிச்சோகை என்ற நம் சொல் அதனாலேயே சிறந்தது. தலசீமியா என்பதன் மூலத்திற் கடலும் குருதியும் உள்ளன. மத்தியதரைக் கடலோரத்து மக்களிடையே முதலில் அது காணப்பட்டமையால் 1932 இல் அப்பெயர் வைத்தனர். கடற்குருதி என்று அதனைப் பெயர்க்கத் துணிந்த தமிழன்பர் இதுவரை தோன்றவில்லை. கடற்கரையிலே வாழும் நாங்கள் அதற்கு நன்றியுடையோம்.

இனி, சொல்லே நோயாகும் இடங்கள் சிலவற்றைக் காட்டவேண்டும். முந்தைய பாடநூல்கள் நுரையீரலிலிருந்து வருங் குருதியைச் சுத்த இரத்தம் என்றும், உடலைச் சுற்றித் திரும்புவதை அசுத்த இரத்தம் என்றும் எழுதின. இன்றைய நூல்கள் ஒட்சிசனேற்றப்பட்ட குருதி, ஒட்சிசன் அகற்றப்பட்ட குருதி என்று நீண்ட தொடர்களை வழங்குகின்றன. நீளம் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. இம்மாற்றம் மிகவும் நல்லது. சைவருக்கும் முஸ்லிம்களுக்கும் அசுத்தம் என்பது வெறும் வருணனைச் சொல்லன்று. வழிபாட்டோடு கட்டுண்ட சொல். அதனைக் கேட்டவர் மனத்தில் உடலினுள்ளே பாதிக் குருதி கழிவுநீர் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கெட்ட இரத்தத்தை அகற்றுகின்றோம் என்று சுவரொட்டி ஒட்டுவோருக்கு இவ்வெண்ணமே மூலதனம். உண்மை யாது? இரத்ததானத்தின்போது முழங்கையின் உட்புறத்து நாளத்திலிருந்தே ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் குருதியை எடுக்கின்றனர். பழைய பாடநூல் அசுத்தம் என்று சொன்ன அதே குருதியே மற்றொருவர் உயிரைக் காக்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் யான் முதன்முறை குருதி கொடுக்கச் சென்றபோது, "நல்ல ரெத்தத்தை எடுத்துப்போட்டுக் கெட்டதை வெச்சிருவாங்க, கவனம் தம்பி" என்று ஒரு பெரியவர் என்னைத் தடுத்தார். அவர் எட்டாம் வகுப்புப் படித்தவர். அவ்வெட்டாம் வகுப்பிலே கற்றதைத்தான் எனக்குச் சொன்னார்.

இரத்தக் கொதிப்பு என்பது இதனினுங் கொடிது. பத்திரிகைகள் பல்லாண்டாகப் பரப்பிய சொல் இது. பாடநூலின் உயர் குருதியமுக்கம் சரியான சொல்; அமுக்கம் என்பது பௌதிகவியலிலும் அதே பொருளில் வருவதால் மாணவன் இரண்டையும் இணைத்து நோக்க இயலும். கொதிப்பு என்றாலோ சினமும் வெப்பமும் நினைவுக்கு வருகின்றன. கொதிப்பவன் தன் கொதிப்பை உணர்வான் அன்றோ? இந்நோயின் இயல்போ, பெரும்பாலும் யாதோர் அறிகுறியுமின்றி இருத்தல். 140 க்கு 90 இரச மில்லிமீற்றர் என்னும் எல்லையைக் கடந்து நெடுநாட் சென்றவரும் தமக்கு ஒன்றுமில்லையென்றே எண்ணுவர். "இன்டைக்குக் கொதிப்பில்ல" என்று மாத்திரையை நிறுத்திவிட்ட உறவினர் ஒருவரைப் பின்னர்ப் பக்கவாதத்தோடு பார்த்தேன். சொல்லின் மேற் குற்றஞ் சுமத்துவது மிகையெனச் சிலர் கூறுவர். அவர் மாத்திரையை நிறுத்தியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். எனினும் அவர் சொன்ன காரணம் அச்சொல்லே. பிரஷர் என்ற பிறமொழிச் சொல்லை வழங்குவோர் இத்தவற்றிற்கு அவ்வளவாக ஆளாவதில்லை. அது அவர்களுக்கு யாதொரு படத்தையுந் தருவதில்லை. கருவி காட்டும் எண்ணையே தருகின்றது. பொருளற்ற சொல் பிழைப்பொருட் சொல்லினும் நன்று போலும்.

அத்தகைய பிறமொழிச் சொல்லும் இடறக்கூடும். இரத்த வகையிலே பொசிட்டிவ், நெகட்டிவ் என்பன அவ்வாறானவை. கார்ல் லான்ட்ஸ்ரெயினர் இரத்த வகைகளை 1901 இல் வெளியிட்டார். இவ்விரு குறிகளும் 1940 இற் கண்ட றீசசுக் காரணியைச் சார்ந்தவை. நோய்ச் சோதனையில் நெகட்டிவ் என்றால் மகிழ்கின்றோம். இரத்த வகை நெகட்டிவ் என்றால், பெண்பிள்ளையாயின், பெற்றோர் தாழ்ந்த குரலிற் பேசுகின்றனர். அஃது ஒரு குறையுமன்று. நெகட்டிவ் தாய்க்குப் பொசிட்டிவ் குழந்தை பிறப்பின் 72 மணித்தியாலத்துக்குள் ஓர் ஊசி ஏற்றவேண்டும் என்பதே அவர்கள் அறியவேண்டியது. தாழ்ந்த குரலிற் பேசுவோர் மகப்பேற்று வேளையில் அதனைச் சொல்லாது மறைக்கவுங் கூடும்.

இறுதியாக, என் மாணவனின் வீட்டுக்குத் திரும்புகின்றேன். டெங்கு நோயிலே பிளேட்லெட் எண்ணிக்கையையே யாவரும் பேசுகின்றனர். ஒரு மைக்கிரோலீற்றர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பென்பது தேநீர்க்கடையிலும் இன்று அறியப்பட்டது. ஆயின் அந்நோயிற் பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வது, குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா மயிர்த்துளைக் குழாய்களின் சுவரைக் கடந்து வெளியே கசிதல். காய்ச்சல் இறங்கி, நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் மகிழும் வேளையிலேயே அது நிகழ்கின்றது. இந்த நீர்ப்பகுதிக்கு நம் பாடநூல் தருஞ் சொல் திரவவிழையம். திரவமும் இழையமும் கூடியது அது. குருதி முழுவதுமே ஒரு திரவ இழையம் என்று அதே பாடத்தில் மாணவன் கற்கின்றான். அங்ஙனமாயின் முழுமைக்கும் பகுதிக்கும் ஒரே பெயராகின்றது. திரவவிழையம் கசிகின்றது என்று ஒரு தாதி அப்பையனின் தாய்க்குச் சொல்லியிருந்தாலும், குருதி கசிகின்றது என்றே அவன் உம்மாவுக்கு விளக்கியிருப்பான். உம்மாவும் படுக்கை விரிப்பிலே செந்நிறத்தைத் தேடியிருப்பார். கசிவதோ நிறமில்லாதது, வயிற்றினுள்ளும் நெஞ்சறையினுள்ளும் தேங்குவது.

இதற்கு யான் ஒரு புதுச்சொல்லை முன்மொழியத் துணியேன். சொல்லாக்கக்காரர் தொகை நம்மிடையே போதுமானது. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கின்றேன். பாடநூல்கள் சிலவிடங்களில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலே அடைப்புக்குறிக்குள் தருகின்றன. பரீட்சைக்கு அது வாராதாகலின் பிள்ளைகள் அதனைப் படிப்பதில்லை. படிப்பினும் வார்டிலே அது எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறியார். குருதிச் சிறுதட்டு என்று கரும்பலகையில் எழுதும்போது அதன் பக்கத்திலே பிளேட்லெட் என்று தமிழெழுத்திலேயே எழுதி, இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுவித்து, இருவாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்தே வினாவும் கேட்டுப் பாருங்கள். நாளத்தின் பக்கத்திலே நரம்பூசியும், குருதியமுக்கத்தின் பக்கத்திலே பிரஷரும், திரவவிழையத்தின் பக்கத்திலே பிளாஸ்மாவும் வரலாம். என் வகுப்பிலே இதனைத் தொடங்கியபோது, தமிழாசிரியரே ஆங்கிலச் சொல்லை எழுதுகின்றாரே என்று சக ஆசிரியர் ஒருவர் முறையிட்டார். அவருக்கு அப்பையனின் கொப்பியைக் காட்டினேன். அவன் தகப்பனார் ஒன்பதாம் நாள் வீடு வந்து சேர்ந்தார். பப்பாசி இலையால் வந்தது என்றே அவர் இன்றுஞ் சொல்கின்றார்.